ஞானார்த்தம்: ஆதித் திருச்சபையின் வேத விளக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பில் ஆதிச் சபைப் பிதாக்களின் பேச்சு வந்தாலே, வகுப்பு முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது யாராவது ஒருவர் கேள்வியோடு நின்றுவிடுவார். பெரும்பாலும் அதே கேள்விகள்தான், கேட்கிற ஆள்தான் மாறுகிறார். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பின்படி. அடிப்படை தெரிந்தவர்கள் நேராக 3ஆம் நூற்றாண்டு வேத அறிஞர் ஓரிகனைப் பற்றிய கேள்விக்குப் போய்விடலாம்.

"ஞானார்த்தம் ஞானார்த்தம் என்கிறீர்களே, இயேசு சொன்ன உவமையும் அதுவும் ஒன்றுதானா?"

இல்லை. உவமையில் சொல்பவரே ஒரு கதையைக் கட்டுகிறார், உள்ளே வேறொன்று இருக்கிறது என்பதும் கேட்பவருக்குத் தெரியும். விதைக்கிறவன் கதையைக் கேட்டுவிட்டு அவன் எந்த ஊர்க்காரன் என்று யாரும் விசாரிப்பதில்லை. ஞானார்த்த விளக்கம், அதாவது நேர் அர்த்தத்துக்கு அப்பால் இன்னோர் அர்த்தம் காண்பது, வாசிக்கிறவர் செய்யும் வேலை. ஆபிரகாம் வீட்டில் மனைவி சாராளும் அடிமைப்பெண் ஆகாரும் இருந்ததை ஆதியாகமம் ஒரு குடும்பக் கதையாகத்தான் சொல்லிக்கொண்டு போகிறது. அதைப் படிக்கிற ஒருவர், இந்த இரண்டு பெண்களும் இரண்டு உடன்படிக்கைகள் என்றால் அது ஞானார்த்தம்.

இந்த இரண்டாவது அர்த்தம் வசனத்துக்குள் ஏற்கெனவே இருந்ததா, வாசித்தவர் கொண்டுவந்து வைத்ததா என்பதுதான் 2ஆம் நூற்றாண்டிலிருந்து நடக்கும் சண்டை. கீழே வரும் கேள்விகள் எல்லாமே ஏதோ ஒரு வழியில் இதையே சுற்றி வருகின்றன.

"இது கிரேக்கர்களிடமிருந்து வந்த பழக்கம், வேதத்துக்குச் சம்பந்தமே இல்லை என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். சரியா?"

பாதி சரி. ஹோமரின் காவியங்களில் தேவர்கள் அடித்துக்கொள்வதும் ஏமாற்றிக்கொள்வதும் கிரேக்க அறிஞர்களுக்கே கூச்சமாக இருந்தது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ரேகியம் ஊரைச் சேர்ந்த தியாகனிஸ் என்பவர், அவை இயற்கைச் சக்திகளின் மோதல்கள் என்று விளக்கித் தொடங்கிவைத்ததாகச் சொல்வார்கள். பிறகு ஸ்தோயிக்கர்கள் என்ற தத்துவப் பள்ளியார் அதைப் பெரிய வித்தையாகவே வளர்த்தார்கள். இயேசுவின் காலத்தில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத அறிஞர் பிலோ, அதே முறையில் மோசேயின் நூல்களைப் படித்தார். அவர் கணக்கில் ஆகார் என்பவள் இலக்கணம், இசை, வடிவகணிதம் முதலான ஆரம்பப் படிப்பு. சாராள் ஞானமும் நற்குணமும். ஆரம்பப் பாடம் படிக்காதவன் ஞானத்திடம் பிள்ளை பெற முடியாது, அதனால்தான் ஆபிரகாம் முதலில் ஆகாரிடம் போனாராம்! கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் உடனே பிடித்துவிடுகிறது.

மீதிப் பாதியை அந்த வீடியோ விட்டுவிட்டது. பழைய நிகழ்ச்சியைப் புது நிகழ்ச்சிக்கு அடையாளமாகப் படிப்பது வேதத்துக்குள்ளேயே இருக்கிறது. ஏசாயா 43இல் செங்கடலைக் கடந்த பழைய பயணத்தை நினைவுபடுத்திவிட்டு, தீர்க்கதரிசி புதிய பயணம் ஒன்றைப் பேசுகிறார். கருவியைத் தீட்டியது கிரேக்கப் பள்ளிகள் என்றாலும் வேலை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது.

"பவுல் இப்படி விளக்கியிருக்கிறாரா? வசனம் காட்டுங்கள்."

கலாத்தியர் 4:24. ஆகார், சாராள் கதையைச் சொல்லிவிட்டு, "இவைகள் ஞானார்த்தமுள்ளவைகள், அந்த ஸ்திரீகள் இரண்டு ஏற்பாடுகளாம்" என்கிறார். பிலோவின் அதே இரண்டு பெண்கள், முடிவு மட்டும் வேறு. அடுத்து 1 கொரிந்தியர் 9. "போரடிக்கிற மாட்டை வாய் கட்டாயாக" என்ற உபாகமச் சட்டத்தை எடுத்து, தேவன் மாடுகளுக்காகவா கவலைப்படுகிறார் என்று கேட்டு, ஊழியருக்குக் கொடுக்கவேண்டிய கூலியைப் பற்றிய சட்டமாக அதை மாற்றிவிடுகிறார். அதற்கு அடுத்த அதிகாரத்தில், வனாந்தரத்தில் தண்ணீர் தந்த கன்மலை கிறிஸ்துவே என்கிறார்.

பிற்காலத்தில் ஓரிகனைக் குறை சொன்னவர்கள் எல்லாருக்கும் இந்த மூன்று இடங்களும் தொண்டையில் மாட்டிய முள். அந்தியோகியாவைப் பற்றிய பதிலில் அதைப் பார்க்கலாம்.

"பழைய ஏற்பாட்டை உள்ளபடியே வாசித்தால் என்ன? எதற்கு இவ்வளவு சுற்றி வளைக்கவேண்டும்?"

உள்ளபடியே வாசித்த ஒருவர் இருந்தார். பொந்து நாட்டிலிருந்து ரோமாபுரிக்கு வந்த மார்சியன். பழைய ஏற்பாட்டுக்கு ஞானார்த்தம் சொல்லக்கூடாது, எழுதியிருப்பதுதான் அர்த்தம் என்பதில் உறுதியாக நின்றார். நின்று கடைசியில் வந்து சேர்ந்த முடிவு, கோபப்படுகிற, யுத்தம் பண்ணுகிற அந்தக் கடவுள் இயேசுவின் பிதா அல்ல என்பது. பழைய ஏற்பாட்டையே தூக்கிப் போட்டுவிட்டு, வெட்டித் திருத்திய லூக்காவையும் பவுலின் பத்து நிருபங்களையும் மட்டும் வைத்துக்கொண்டார். 144இல் ரோமச் சபை அவரைவிட்டுப் பிரிந்தது. நேரடி வாசிப்பு என்றாலே பக்தியான வாசிப்பு என்று நினைப்பவர்கள் மார்சியனைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கவேண்டும்.

வெளியிலிருந்தும் அடி விழுந்தது. 178 வாக்கில் செல்சஸ் என்ற கிரேக்கத் தத்துவவாதி கிறிஸ்தவர்களைத் தாக்கி ஒரு நூல் எழுதினார். அதில், இந்தக் கதைகளுக்காக வெட்கப்படுகிற படித்த யூதர்களும் கிறிஸ்தவர்களும் ஞானார்த்தத்துக்குள் ஓடி ஒளிகிறார்கள் என்று கேலி செய்தார். ஆக, ஒரு பக்கம் "இந்த நூலை விட்டுவிடு" என்ற மார்சியன், இன்னொரு பக்கம் "இந்த நூலைப் பார்த்துச் சிரி" என்ற செல்சஸ். நூலை விடவும் மனமில்லை, அதன் ஒவ்வொரு சட்டத்தையும் கைக்கொள்ளவும் முடியாது. அந்த இக்கட்டில் ஞானார்த்தம்தான் அந்த நூலைச் சபையின் கையில் வைத்திருந்தது. இதை மறந்துவிட்டு ஆதிச் சபையினரைக் கற்பனைப் பிரியர்கள் என்று ஒதுக்குவது நியாயமில்லை என்பது என் கட்சி.

"ஆபிரகாமின் 318 வேலைக்காரர்களில் சிலுவை ஒளிந்திருக்கிறது என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். நிஜமா ஐயா?"

அப்படி ஒரு விளக்கம் நிஜமாகவே உண்டு, மிகப் பழையது. பர்னபாவின் பெயரில் வழங்கும் நிருபம், 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டியது. கிரேக்கத்தில் எழுத்துகளையே எண்களாகவும் எழுதுவார்கள். 18 என்பது இயேசு என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்துகள். 300 என்பது சிலுவை வடிவிலிருக்கும் தவ் எழுத்து. ஆகவே ஆதியாகமம் 14இன் 318 பேரிலும் சிலுவையில் மரித்த இயேசு தெரிகிறார் என்கிறார். சொல்லிவிட்டு, இதைவிட உண்மையான போதனையை யாரும் என்னிடம் கற்றதில்லை என்று பெருமையும் பட்டுக்கொள்கிறார்.

சிக்கல் என்னவென்றால் ஆதியாகமம் எபிரெயத்தில் எழுதப்பட்டது. அந்தக் கிரேக்க எழுத்துகள் எதுவும் மூல நூலில் கிடையாது. யூத ரபிமார் அதே 318ஐ எபிரெய எழுத்துகளின்படி கூட்டி, ஆபிரகாமின் ஊழியன் எலியேசரின் பெயர் என்று விளக்கினார்கள். அந்தக் கூட்டலும் சரியாகத்தான் வருகிறது! எண்ணை வைத்து எதையும் நிரூபிக்கலாம் என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம். பிரசங்கத்தில் இதை ஒரு பழங்கால ரசனையாகச் சொல்லலாம், ஆதாரமாகச் சொல்லக்கூடாது.

"முன்னடையாளம் வேறு, ஞானார்த்தம் வேறு, முதலாவது சரி, இரண்டாவது தப்பு என்று எங்கள் பாஸ்டர் சொல்கிறார்."

இந்தப் பிரிவு பயனுள்ளதுதான். நடந்த ஒரு நிகழ்ச்சி பின்னால் நடக்கப்போகும் நிகழ்ச்சியைக் காட்டினால் முன்னடையாளம்: பஸ்கா ஆட்டுக்குட்டி கிறிஸ்துவைக் காட்டுவது போல. ரோமர் 5:14இல் பவுல் ஆதாமையும் அப்படித்தான் சொல்கிறார். காலத்தைக் கடந்த ஒரு கருத்தைக் காட்டினால் ஞானார்த்தம்: எகிப்து என்றால் பாவ இச்சை என்பது போல. 2ஆம் நூற்றாண்டில் சர்தை சபையின் ஆயர் மெலித்தோ பஸ்காவைப் பற்றிச் செய்த பிரசங்கம் ஒன்று கிடைத்திருக்கிறது. சிற்பி முதலில் மெழுகிலோ களிமண்ணிலோ மரத்திலோ சிறிய மாதிரி செய்வான், உண்மையான கட்டடம் எழும்பியதும் மாதிரிக்கு வேலையில்லை என்கிறார். முன்னடையாளத்தை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கியதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்தக் கோடு பெரும்பாலும் நம் காலத்து அறிஞர்கள் கிழித்தது. பிதாக்கள் இரண்டையும் ஒரே மூச்சில் செய்தார்கள். உங்கள் பாஸ்டர் சரி என்று சொல்லும் வகையைச் சேர்ந்த ஆகார்–சாராள் விளக்கத்தைத்தான் பவுல் ஞானார்த்தம் என்கிறார், அதையும் சேர்த்து அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

"ஓரிகன் ஓரிகன் என்கிறார்களே, யார் அவர்? வசனத்துக்கு மூன்று அர்த்தம் என்றாராமே?"

185 வாக்கில் அலெக்சாந்திரியாவில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே தகப்பன் லியோனிதெஸ் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டார். நானும் போய்ச் சாகிறேன் என்று பையன் கிளம்ப, வெளியே போக முடியாதபடி தாய் அவன் துணிகளை ஒளித்துவைத்தாள் என்று சபைச் சரித்திரம் எழுதிய யூசேபியஸ் சொல்கிறார். பின்னாளில் பாலஸ்தீனத்துச் செசரியாவில் குடியேறி, நாள்தோறும் பிரசங்கித்தும் எழுதியும் வாழ்ந்தார். 250இல் தேசியு பேரரசனின் உபத்திரவத்தில் சிறையில் வதைக்கப்பட்டு, சில ஆண்டுகளில் இறந்தார்.

அவருடைய 'முதற்கோட்பாடுகள்' நூலின் நான்காம் பகுதியில்தான் மூன்று அர்த்தம் வருகிறது. மனிதனுக்கு உடல், ஆத்துமா, ஆவி இருப்பதுபோல வேதத்துக்கும் உண்டு. எளிய விசுவாசி வசனத்தின் உடலால், அதாவது நேர் அர்த்தத்தால், பயனடைகிறார். கொஞ்சம் வளர்ந்தவருக்கு ஆத்துமா, நடத்தைக்கான பாடம். முதிர்ந்தவருக்கு ஆவி, கிறிஸ்துவையும் பரலோக காரியங்களையும் பற்றிய இரகசியம். இரண்டாவதற்குப் பவுலின் மாட்டையும் மூன்றாவதற்கு ஆகார்–சாராளையும் உதாரணம் காட்டுகிறார். ஆனால் பிரசங்கங்களில் இந்த மூன்றையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. பெரும்பாலும் இரண்டுதான், எழுத்தும் அதற்குள் இருப்பதும்.

அவருடைய துணிச்சலான வாதம் இன்னொன்று. வேதத்தில் அங்கங்கே நடக்க முடியாத காரியங்களை ஆவியானவரே வேண்டுமென்று வைத்திருக்கிறார், வாசிப்பவன் அதில் தடுக்கி நின்று ஆழமாகத் தேடட்டும் என்று. சூரியனும் சந்திரனும் இல்லாமல் முதல் மூன்று நாட்களுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி? தேவன் ஒரு விவசாயியைப் போலத் தோட்டம் போட்டார் என்று எந்தப் பேதை நம்புவான்? பூமியின் எல்லா ராஜ்யங்களையும் ஒரு மலையிலிருந்து கண்ணால் பார்க்க முடியுமா? ஒருவன் உன்னை வலது கன்னத்தில் அறைந்தால் என்று இருக்கிறதே, வலது கையால் அடிப்பவனுடைய அடி இடது கன்னத்தில் அல்லவா விழும்? இந்தக் கடைசிக் கேள்வியை வகுப்பில் சொல்லும்போது எல்லாருடைய கையும் தன்னையறியாமல் கன்னத்துக்குப் போகும்.

"அப்படியானால் சரித்திரம் எதுவும் நடக்கவில்லை என்பதுதானே அவர் கட்சி?"

அப்படி இல்லை. அதே நூலில், சரித்திரமாக உண்மையான பகுதிகள், ஆவிக்குரிய அர்த்தம் மட்டுமே உள்ளவற்றைவிட மிகவும் அதிகம் என்று தெளிவாகவே எழுதுகிறார். ஆபிரகாம் எபிரோனில் அடக்கம்பண்ணப்பட்டதும், எருசலேம் யூதேயாவின் தலைநகரானதும், "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணு" என்ற கட்டளையும் அவருக்கு நேர் அர்த்தத்திலேயே உண்மை. எழுத்தைப் பற்றி அலட்சியம் கொண்டவர், எபிரெய மூலத்தையும் பல கிரேக்க மொழிபெயர்ப்புகளையும் பக்கம் பக்கமாக ஆறு பத்திகளில் ஒப்பிடும் 'ஹெக்சப்லா' என்ற மாபெரும் வேலையில் இறங்குவாரா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். எந்தோரில் அஞ்சனம் பார்க்கிறவள் சாமுவேலை எழுப்பிய கதையை (1 சாமுவேல் 28) ஓரிகன் அப்படியே நேராக எடுத்துக்கொண்டார், வந்தது சாமுவேலேதான் என்றார். அதற்காக அவரைப் பிய்த்தெடுத்து ஒரு நூல் எழுதியவர் அந்தியோகியாவின் ஆயர் யுஸ்தாத்தியுஸ். ஏதேனுக்கெல்லாம் ஞானார்த்தம் சொல்கிற ஆள் இங்கே மட்டும் எழுத்தைப் பிடித்துத் தொங்குகிறாரே என்பது அவர் குற்றச்சாட்டு.

"யோசுவா புத்தகத்தில் ஊர் ஊராகக் கொன்று குவிக்கிறார்களே, அதை என்ன செய்தார்கள்?"

ஓரிகனின் யோசுவா பிரசங்கங்கள் ரூஃபினஸ் செய்த இலத்தீன் மொழிபெயர்ப்பில் கிடைத்திருக்கின்றன. கிரேக்கத்தில் யோசுவாவுக்கும் இயேசுவுக்கும் ஒரே பெயர். அங்கிருந்து தொடங்குகிறார்: அழிக்கப்படவேண்டிய கானானியர் நமக்குள் இருக்கும் பெருமையும் கோபமும் இச்சையும்தான். அந்த யுத்தங்கள் ஆவிக்குரிய யுத்தத்தின் அடையாளமாக இல்லாதிருந்தால், சமாதானத்தைப் போதிக்க வந்த கிறிஸ்துவின் சீஷர்கள் இந்தப் புத்தகத்தைச் சபையில் வாசிக்கவே கொடுத்திருக்க மாட்டார்கள் என்கிறார். சங்கீதம் 137இன் முடிவில் பாபிலோனின் குழந்தைகளைக் கல்லின்மேல் மோதியடிக்கிறவன் பாக்கியவான் என்று வருகிறதே, அதிலும் இதே வழிதான். பாபிலோனின் குழந்தைகள் மனதில் அப்போதுதான் முளைக்கிற தீய எண்ணங்கள். வளருமுன்னே கிறிஸ்து என்ற கன்மலையில் மோதிவிட வேண்டும்.

இந்த விளக்கத்தில் எனக்கு மரியாதை உண்டு. வேதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு யாரையும் கொல்ல அனுமதி கேட்க முடியாதபடி அது கதவைச் சாத்துகிறது. ஆனால் எரிகோவில் இருந்த ஆட்களுக்கு என்ன பதில் என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. அதே யுத்தங்களை வட ஆப்பிரிக்க ஆயர் அகஸ்டின் பின்னாளில் நடந்தவை என்றே எடுத்துக்கொண்டு, தேவன் கட்டளையிட்டதால் நியாயமானவை என்று வாதாடினார். இரண்டில் எது அதிகச் சங்கடம் என்று நீங்களே யோசியுங்கள்.

"நல்ல சமாரியன் கதையில் வரும் சத்திரக்காரன் பவுலாம்! இதெல்லாம் கொஞ்சம் ஓவர் இல்லையா?"

பவுல் என்றவர் அகஸ்டின். ஆனால் அந்த விளக்கத்தின் எலும்புக்கூடு பழையது. லூக்காவின்மேல் செய்த 34ஆம் பிரசங்கத்தில் ஓரிகன், மூப்பர் ஒருவர் சொன்னதாக இதைத் தருகிறார். வழியில் போன மனிதன் ஆதாம். எருசலேம் பரதீசு, எரிகோ இந்த உலகம். கள்ளர் பகை சக்திகள். ஆசாரியன் நியாயப்பிரமாணம், லேவியன் தீர்க்கதரிசிகள், சமாரியன் கிறிஸ்து. காயங்கள் கீழ்ப்படியாமை, வாகனமான மிருகம் கர்த்தரின் சரீரம், சத்திரம் சபை. திரும்பி வருவேன் என்றது இரண்டாம் வருகை. இரண்டு காசைப் பிதாவும் குமாரனும் என்று அந்த மூப்பர் சொல்ல, அகஸ்டின் அன்பின் இரண்டு கட்டளைகள் என்று மாற்றுகிறார்.

உவமையின் ஒவ்வொரு சொல்லையும் இப்படிக் குடைந்துகொண்டிருக்க வேண்டியதில்லை, நோக்கத்தைப் பிடித்தால் போதும் என்று 4ஆம் நூற்றாண்டுப் பிரசங்கியார் கிறிசோஸ்தோம் திராட்சத்தோட்டத்து வேலையாட்களின் உவமையைப் பிரசங்கிக்கும்போது சொன்னார். நானும் அந்தப் பக்கம்தான். ஆனாலும் ஓரிகனைக் கேலி செய்பவர்கள் அந்தப் பிரசங்கத்தைக் கடைசிவரை படிப்பதில்லை. கள்ளர் கையில் விழுந்தவர்களிடம் நாமும் கிறிஸ்துவைப் போலப் போய், காயம் கட்டி, சுமந்து செல்லவேண்டும் என்று நடைமுறையில்தான் அதை முடிக்கிறார். "நீயும் போய் அந்தப்படியே செய்" என்ற வசனம் ஞானார்த்தத்துக்குள் தொலைந்துபோகவில்லை.

"உன்னதப்பாட்டு காதல் பாட்டுதானே? திருக்கோவையாருக்குப் பேரின்பப் பொருள் சொல்கிற மாதிரி இவர்களும் பூசி மெழுகினார்களா?"

கேட்டவர் தமிழாசிரியர், அதனால் ஒப்பீடு அழகாக வந்துவிட்டது. சரித்திரத் தொடர்பு எதுவும் இல்லை. ஒரு வித்தியாசத்தையும் கவனியுங்கள். கோவையாரில் தில்லைக் கூத்தனின் பேச்சு பாட்டுக்குப் பாட்டு வந்துகொண்டே இருக்கிறது. உன்னதப்பாட்டில் தேவனுடைய பேச்சே ஏறத்தாழ இல்லை. இன்ன பொருள் என்று காட்ட உள்ளே கைகாட்டி இல்லாததால்தான் விளக்கவுரைகள் இவ்வளவு பெருகின.

ஓரிகன் இதற்குப் பத்துப் பகுதிகளில் உரை எழுதினார். மணவாட்டி சபை, சில இடங்களில் தனி ஆத்துமா. மற்ற நூல்களில் எல்லாரையும் வென்ற ஓரிகன் இதில் தன்னையே வென்றுவிட்டார் என்று வேதத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் புகழ்ந்தார். காதல் என்பதை ஓரிகன் மறைக்கவும் இல்லை. முன்னுரையிலேயே, மாம்ச இச்சை அடங்காதவர்கள் இதைத் தொடவேண்டாம் என்றும், எபிரெயரிடத்தில் முதிர்ந்த வயதினருக்கென்று கடைசிவரை ஒதுக்கிவைக்கும் பகுதிகளில் இதுவும் ஒன்று என்றும் எச்சரிக்கிறார். இதற்கு எதிர்முனையில் மொப்சுவெஸ்தியாவின் ஆயர் தியோடர். சாலொமோன் எகிப்து இளவரசியை மணந்ததைப் பற்றிய பாட்டு, அவ்வளவுதான் என்றார்.

"அலெக்சாந்திரியாக்காரர்கள் ஞானார்த்தம், அந்தியோகியாக்காரர்கள் நேர் அர்த்தம் என்று தேர்வுக்குப் படித்தோம். அவ்வளவுதானா?"

தேர்வுக்கு அவ்வளவு போதும். தர்சு நகரத்து டயோடோர், அவர் மாணவர்களான தியோடர், கிறிசோஸ்தோம் ஆகியோர் சரித்திரத்தைக் காப்பாற்ற நின்றார்கள் என்பது உண்மை. ஞானார்த்தக்காரர்கள் வேதச் சரித்திரத்தை இராத்திரியில் கண்ட கனவுபோல ஆக்கிவிடுகிறார்கள் என்று தியோடர் சீறினார். சங்கீதங்களில் நேரடியாகக் கிறிஸ்துவைப் பற்றியவை நான்கே என்று குறைத்தார். முன்பு சொன்ன முள் இவருக்கும் மாட்டியது: கலாத்தியர் 4இல் பவுலே அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறாரே? பவுல் நடந்ததை நடந்தது என்று வைத்துக்கொண்டுதான் ஒப்பிட்டார், ஓரிகன் கூட்டத்தார் நடந்ததையே இல்லாமலாக்குகிறார்கள் என்பது தியோடரின் பதில். சரித்திரம் நடக்கவில்லை என்றாரா என்ற கேள்விக்கான பதிலைப் படித்தவர்களுக்கு இது ஓரிகனுக்கு முழு நியாயம் செய்யவில்லை என்று தெரியும்.

அந்தியோகியாவிலும் உயர்ந்த அர்த்தம் உண்டு, 'தியோரியா' என்றார்கள். சரித்திரத்தின்மேல் நின்று பார்ப்பது, அதைத் தள்ளிவிட்டுப் பார்ப்பதல்ல. ஊரை வைத்துக் கட்சி பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு வீட்டையே காட்டலாம். கப்பதோக்கியா நாட்டுச் செசரியாவின் ஆயர் பேசில், சிருஷ்டிப்பைப் பற்றிய பிரசங்கத்தில், எனக்குப் புல் என்றால் புல்தான், மீன் என்றால் மீன்தான் என்று அடித்துச் சொன்னார். அவர் தம்பி நிசாவின் கிரகோரியோ உன்னதப்பாட்டுக்கும் மோசேயின் வாழ்க்கைக்கும் ஆழமான ஞானார்த்தம் எழுதியவர், அதற்காக வாதாடி ஒரு முன்னுரையும் போட்டவர்.

"நாலு அர்த்தம் என்று வேறு ஒரு கணக்கு கேள்விப்பட்டேனே?"

துறவி யோவான் காசியன் 420களில் எழுதியது. எருசலேம் என்ற ஒரே சொல்: சரித்திரத்தில் யூதரின் நகரம், ஞானார்த்தத்தில் சபை, நடத்தைப் பாடத்தில் மனிதனின் ஆத்துமா, மறுமையை நோக்கிய அர்த்தத்தில் பரலோக நகரம். இடைக்கால ஐரோப்பா முழுவதும் இதைத்தான் மனப்பாடம் செய்தது.

"அகஸ்டின் மனம் மாறியதற்கே இந்த விளக்கமுறைதான் காரணம் என்கிறார்களே?"

ஒரே காரணம் என்றால் மிகை. பெரிய தடை ஒன்றை அது நீக்கியது என்றால் சரி. இளவயதில் அவர் சேர்ந்திருந்த மானிக்கேயர்கள் என்ற மதக்குழுவினர், முற்பிதாக்களின் பல மனைவிகளையும் பலிகளையும் காட்டிப் பழைய ஏற்பாட்டைக் கேலி செய்தவர்கள். 384இல் மிலான் நகரத்துக்குப் பேச்சுக்கலை ஆசிரியராகப் போனபோது, அந்நகர ஆயர் அம்புரோஸ் எப்படிப் பேசுகிறார் என்று கேட்கத்தான் கோவிலுக்குப் போனார், என்ன பேசுகிறார் என்று கேட்க அல்ல. அம்புரோஸோ "எழுத்து கொல்லுகிறது, ஆவியோ உயிர்ப்பிக்கிறது" என்ற பவுலின் வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லி, சிக்கலான பகுதிகளைத் திறந்து காட்டினார். 387 ஈஸ்டரில் அகஸ்டின் அவர் கையாலேயே ஞானஸ்நானம் பெற்றார்.

பிறகு 'கிறிஸ்தவ போதனை' என்ற நூலில் ஒரு விதி எழுதினார். எழுத்தின்படி எடுத்தால் நல்ல நடத்தைக்கோ விசுவாச சத்தியத்துக்கோ பொருந்தாதது உருவகம் என்று தெரிந்துகொள். சத்துருவின் தலைமேல் அக்கினித்தழலைக் குவிப்பாய் என்ற வசனத்தை எடுக்கிறார். தீங்கு செய்யச் சொல்வதுபோல இருக்கிறது. அதே வசனம் அவனுக்குப் போஜனம் கொடு என்றும் சொல்கிறது. ஆகவே தழல் என்பது அவன் உள்ளத்தில் எரிகிற மனஸ்தாபம். வடிவம் கச்சிதம்தான். ஆனால் நல்ல நடத்தை எது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் இந்த விதி வேலை செய்யும்.

"அப்போ யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாமே, பிரதர்? கட்டுப்பாடு என்ன?"

இந்தக் கேள்வியை 180 வாக்கிலேயே லியோன் நகரத்து ஆயர் ஐரேனியஸ் கேட்டுவிட்டார். வலெந்தின் என்ற மாற்றுப் போதகரின் சீடர்கள் முப்பது தெய்விக சக்திகள் உண்டு என்று போதித்தார்கள். ஆதாரம்? திராட்சத்தோட்ட உவமையில் வேலையாட்கள் அழைக்கப்பட்ட வேளைகள் ஒன்று, மூன்று, ஆறு, ஒன்பது, பதினொன்று, கூட்டினால் முப்பது! ஐரேனியஸ் சொன்னார்: ஒரு கலைஞன் விலையுயர்ந்த கற்களைப் பதித்து அரசனின் உருவத்தைச் செய்திருக்கிறான். ஒருவன் அதைப் பிரித்து, அதே கற்களால் நரியின் உருவத்தைச் செய்து, இதுதான் அரசன் என்கிறான். கற்கள் உண்மைதான், அரசன் எங்கே?

அவர் போட்ட வேலி விசுவாசப் பிரமாணம். ஒரே தேவன், சிருஷ்டித்தவரும் அவரே, அவருடைய குமாரன் மாம்சத்தில் வந்தார், மரித்தார், எழுந்தார் என்று ஞானஸ்நானத்தில் அறிக்கையிடும் விசுவாசத்துக்கு முரணான விளக்கம் செல்லாது. இரண்டாவது வேலி அகஸ்டினுடையது: ஓரிடத்தில் மறைவாக இருப்பது வேறோரிடத்தில் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். 'தேவனுடைய நகரம்' நூலில் மூன்றாவதும் ஒன்று கிடைக்கிறது: பரதீசுக்கு ஞானார்த்தம் சொல்லுங்கள், நடந்தது என்பதையும் நம்புங்கள். இந்த வேலிகளை வைத்துப் பார்த்தால் 318 தப்பித்துவிடுகிறது, கவனித்தீர்களா? சொல்கிற சத்தியம் சரியானது, வழிதான் கோணல். வேலி மதப்புரட்டை நிறுத்தும், கோணல் வாசிப்பை நிறுத்தாது. அதற்கு அந்தியோகியாக்காரர்களின் இலக்கணப் பிடிவாதம்தான் தேவைப்பட்டது.

"ஓரிகனைச் சபையே கண்டனம் செய்துவிட்டதே. பிறகு ஏன் அவரைப் படிக்கிறீர்கள்?"

553இல் கொன்ஸ்தாந்தினோபிளில் கூடிய பொதுச்சங்கத்தை ஒட்டி அது நடந்தது, அவர் இறந்து மூன்று நூற்றாண்டுகள் கழித்து. உடலுக்குமுன்பே ஆத்துமாக்கள் இருந்தன, கடைசியில் எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்பன போன்ற போதனைகள்தான் காரணம். ஞானார்த்த முறையை யாரும் தடை செய்யவில்லை. அதே சங்கம் நேர் அர்த்தத்தின் வீரரான தியோடரையும் கண்டனம் செய்தது, அவருடைய உன்னதப்பாட்டு விளக்கமும் குற்றச்சாட்டோடு வாசிக்கப்பட்டது. கண்டனத்தை வைத்து ஒரு கட்சியைத் தள்ளுவதானால் இரண்டையும் தள்ளவேண்டும்.

"யூதர்களின் வேதத்தை ஞானார்த்தம் சொல்லியே பறித்துக்கொண்டீர்கள் என்று ஒரு நண்பர் சொல்கிறார். என்ன பதில் சொல்ல?"

அவசரப்பட்டு மறுக்காதீர்கள். பர்னபாவின் நிருபம், உடன்படிக்கையை யூதர்கள் இழந்துவிட்டார்கள், அது நம்முடையது என்றே வாதிடுகிறது. உணவுச் சட்டங்களை நேராக எடுத்துக்கொண்டதே அவர்கள் தவறாம். பன்றியை உண்ணாதே என்றால், வயிறு நிறைந்ததும் எஜமானை மறக்கிற மனிதரோடு சேராதே என்று மட்டுமே பொருளாம். மாதிரியும் கட்டடமும் என்று அழகாகப் பேசிய மெலித்தோ, அதே பிரசங்கத்தில் இஸ்ரவேலின்மேல் தேவனைக் கொன்ற பழியைச் சுமத்துகிறார். அந்த வகைப் பேச்சு பின்வந்த நூற்றாண்டுகளில் என்ன செய்தது என்பது சரித்திரத்தில் இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. ஓரிகன் தன் எபிரெய ஆசிரியரை அடிக்கடி நன்றியோடு குறிப்பிடுகிறார். வேதம் பூட்டிய அறைகள் பல கொண்ட ஒரு வீடு. ஒவ்வொரு கதவருகிலும் ஒரு சாவி இருக்கிறது, ஆனால் அது அந்தக் கதவுக்குரியதல்ல. சாவிகள் மாறிக் கிடக்கின்றன, தேடிப் பொருத்துவதுதான் பெரிய வேலை என்று அவர் சொன்னதாக எழுதிவைத்திருக்கிறார். வேதத்தை வேதத்தால் விளக்கும் தன் வழியை ஓரிகன் ஒரு யூதரின் வாயால் சொல்லுகிறார். உங்கள் நண்பரிடம் இரண்டையும் சொல்லுங்கள்.

"ஒரே வசனத்துக்கு இரண்டு பேர் இரண்டு ஞானார்த்தம் சொன்னால் எது சரி?"

யோவான் 21இல் வலையில் அகப்பட்ட 153 மீன்களை எடுத்துக்கொள்வோம். அகஸ்டின்: கட்டளைகள் 10, ஆவியின் வரங்கள் 7, ஆக 17; ஒன்றிலிருந்து பதினேழுவரை கூட்டினால் 153. கூட்டிப் பாருங்கள், வரும். அலெக்சாந்திரியாவின் சிரில்: 100 புறஜாதியார், 50 இஸ்ரவேலில் மீந்தவர்கள், 3 திரித்துவம். ஜெரோம்: மீன்களில் 153 வகை உண்டு என்று இயற்கை நூலார் எழுதியிருக்கிறார்கள், எல்லா வகை மனிதரும் வலைக்குள் வருவார்கள் என்பது பொருள். மூவரும் வந்து சேரும் இடம் சபை என்ற ஒன்றுதான், வழி மூன்று.

அகஸ்டினிடம் கேட்டிருந்தால் சண்டை வேண்டாம் என்றிருப்பார். 'அறிக்கைகள்' நூலின் பன்னிரண்டாம் பகுதியில், ஆதியாகமத்தின் முதல் வசனத்துக்கே பலர் பல விளக்கம் சொல்வதைப் பட்டியலிட்டுவிட்டு, அவை உண்மையாக இருக்கும்வரை மோசே எல்லாவற்றையுமே மனதில் வைத்திருந்தார் என்று ஏன் நம்பக்கூடாது என்று கேட்கிறார். எனக்கு அவ்வளவு தாராளம் கிடையாது. வகுப்பில் யாராவது புதிய ஞானார்த்தம் கொண்டுவந்தால், அந்த வசனத்தின் முன்னும் பின்னும் என்ன இருக்கிறது, இதே சத்தியம் வேறெங்கே நேராகச் சொல்லியிருக்கிறது என்று இரண்டு கேள்வி கேட்பேன். 153க்கு இதுவரை முதல் கேள்வியைத் தாண்டியவர் யாரும் இல்லை.